ஏழு நாள் அவகாசம்

இன்று காலைப் பட்டியலிலும் உன் பெயர்தான் முதலில். மெயில் சர்வர் தினமும் ஏழு மணிக்கு அனுப்புமே, அளவு மீறியவர்களின் பட்டியல். பெட்டி நிறைந்தது, அவகாசம் முடிந்தது. ஆறு மாதமாக அதே வரி. கழக்கூட்டத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது போனில் படித்தேன். ஜன்னல் வழியே டீக்கடையில் பழம்பொரி பொரிக்கும் வாசனை வந்தது. நீ இருந்திருந்தால் இறங்கி வாங்கிக்கொண்டு, ஓடிவந்து ஏறியிருப்பாய்.

சாயங்காலத்துக்குள் உன் மெயில் கணக்கை நீக்கிவிடச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

அந்த விதியை எழுதியவன் நான். ஆளுக்கு இரண்டு ஜிபி. தாண்டினால் ஏழு நாள். எட்டாம் நாளிலிருந்து வருகிற மெயிலெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். யாருக்கும் விலக்கு இல்லை, அட்மின்களான நம் இருவருக்கும்கூட. எச்சரிக்கை போகிறது, அப்புறம் என்ன பேச்சு என்பது என் கட்சி.

நீ பட்டியலை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுவாய். பெட்டி நிறைந்தவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மெயில்களை அளவுவாரியாக அடுக்கி, "இது வேணுமா சேச்சி? இது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாய். சாலை பஜாரில் உன் அப்பா கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்களிடம் பேசும் அதே குரல்.

"நீ அட்மினா லே, இல்ல வீடு வீடா கொசு மருந்து அடிக்க ஆளா?" என்று கேட்டேன்.

"நிறைஞ்சு போச்சுன்னு சொல்ல மெஷின் போதும் மக்கா. எதை அழிக்கலாம்னு கேக்க ஆளு வேணும்லா."

அப்புறம் அந்தச் சண்டை. மூன்றாம் மாடி சேச்சி பிரசவ லீவில் போனபோது அவர் பெட்டியின் எல்லையை எனக்குச் சொல்லாமல் ஏற்றி வைத்திருந்தாய். "அவங்க வந்து அழிக்க முடியாதுலா. லீவு முடியட்டும்" என்றாய். நான் எல்லார் முன்னாலும் கத்தினேன்: "உன்கிட்ட ரூட் பாஸ்வேர்ட் குடுத்ததுதான் என் தப்பு." "சரிலே, இறக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னாய்.

அடுத்த வாரம் நீ ஆஸ்பத்திரியில். மஞ்சள்காமாலை, பத்து நாளில் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டு முறை வார்டுக்கு வந்து பேக்கப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு பொம்மையை அனுப்பிச் சிரிப்பாய். படுத்தபடியே ஆபீஸ் மெயில் பார்க்கிறாய் என்று உன் அக்கா சொன்னாள். அதனால் மெயிலில் நாலு வரி எழுதினேன். ஒரே நிமிடத்தில் திரும்பி வந்தது. உன் பெட்டி நிறைந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

ஒரு கமாண்ட் போதும், எல்லையை ஏற்றியிருக்கலாம். ஆனால் எதற்காக உன்மேல் கத்தினேனோ, அதையே நான் செய்ய வேண்டியிருக்கும். திங்கட்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை நீ போய்விட்டாய்.

உன் சொந்தப் படங்கள் ஏதாவது இருந்தால் வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தாள். மேனேஜரும் சம்மதித்தார். மதியம் உன் பெட்டியைத் திறந்து, உன் முறைப்படியே அளவுவாரியாக அடுக்கினேன். மேலே நின்றவை எல்லாம் நான் அனுப்பியவை. பொன்முடி போனபோது எடுத்த படங்கள். வழியில் விதுராவில் டீ குடிக்கும் நீ. மலைமேலே ஒன்றுமே தெரியாத வெறும் மூடுபனி, அதிலேயே பதினாறு படம். சுருக்க நேரமில்லை என்று அப்படியே அனுப்பியிருந்தேன். ஊரார் பெட்டியையெல்லாம் காலி செய்ய வைத்த நீ அந்த மூடுபனியைக்கூட அழிக்கவில்லை. அவைதான் என் நாலு வரிக்கு இடமில்லாமல் செய்திருக்கின்றன.

"இது வேணுமாலே? இது?" கேட்க ஆளில்லை. எல்லாவற்றையும் அக்காவுக்காக நகல் எடுத்தேன். பிறகு உன் எல்லையை ஏற்றிவிட்டு அந்த நாலு வரியை மறுபடி அனுப்பினேன். இந்த முறை திரும்பி வரவில்லை. அரை மணி நேரம் கழித்து உன் கணக்கை எடுத்தேன்.

பட்டியலில் அடுத்த பெயர் மூன்றாம் மாடி சேச்சி. லீவு முடிந்து வந்துவிட்டார். ஏறிப் போய்ப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"சார் எந்தினா வந்தது? நோட்டீஸ் அயச்சால் மதியல்லோ" என்றார், பயந்துபோய். நோட்டீஸ் அனுப்பினால் போதாதா, நானே ஏன் வந்தேன் என்று.

"இது வேணுமா சேச்சி?" என்று கேட்டேன். குழந்தை பிறந்த அன்று வந்த வாழ்த்துகள், படங்கள். பாதியை அழிக்க ஒப்புக்கொண்டார். மீதிக்கு எல்லையை ஏற்றிவிட்டு வந்தேன். மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்கிறேன்.