ட்ரிமீனின் நாக்கும் உன் பூட்ஸும்

12 டிசம்பர் 1967

அன்பு மகள் ஊனாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நானும் அப்பாவும் பதினாறு மாடுகளும் சுகம். நீயும் கவென்ட்ரி ஆஸ்பத்திரியில் நல்லபடியாக வேலை பார்க்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம். மாடுகளையும் சேர்த்து எழுதுகிறேனே என்று சிரிக்காதே, இரண்டு வாரத்துக்கு முன்னால் என்றால் என்னால் இப்படி எழுதியிருக்க முடியாது. போன கடிதத்தில் 'என்னால ஏதாவது ஆயிடுச்சாம்மா' என்று கேட்டிருந்தாய். ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, நீ கன்றிலிருந்து வளர்த்த ட்ரிமீன் தீனி எடுக்கவில்லை, வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில் ஒழுகியது. கடல் தாண்டி நீ இருக்கிற தேசத்தில் கோமாரி வந்து மந்தை மந்தையாகச் சுட்டு எரிக்கிறார்கள் என்று ரேடியோவில் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். இங்கே கோவில் வாசலில்கூட கால் துடைக்க மருந்தில் நனைத்த சாக்குப் போட்டிருந்தார்கள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, அவளைப் பின்கொட்டகையில் தனியே கட்டி, கதவைச் சாத்திவிட்டு, பல்லில் ஏதோ கோளாறு என்று என்னிடம் ஒரே பொய். மறுநாள் நானே போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, 'அக்டோபர்ல ஊனா அவ சிநேகிதி பண்ணையில, இப்ப கோமாரி வந்திருக்கிற அந்த ஷ்ராப்ஷயர்ல, நடந்த பூட்ஸோடதான நம்ம முற்றத்துல வந்து நின்னா. ஊரு யாரைச் சொல்லும், எம் பொண்ணைத்தான சொல்லும்' என்றார். நீ விட்டுப்போன அந்த பூட்ஸை முந்தின நாளே அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம். வீடு ஏன் அப்படி நாறியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபம் தலைக்கேறிவிட்டது. 'கில்டே வீட்டு மாடும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் மேயுது, அதுக்கும் ஒட்டிக்கிட்டா அப்ப யாரை எரிப்பீங்க' என்று கேட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்து மாட்டு டாக்டர் ஃபெலிமுக்குப் போன் செய்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம், ஊனா, சாயங்காலத்துக்குள் பதினாறும் போய்விடும், அதையும் நானே கூப்பிட்டு வரவழைத்தேன் என்றுதான் தோன்றியது. உன் பூட்ஸால்தானோ என்றும் நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

டாக்டர் வாசலிலேயே காலைக் கழுவிக்கொண்டு வந்தார். குளம்பு, ஈறு, மடி எல்லாம் பார்த்தார், ஒரு கொப்புளம் இல்லை. பிறகு வாய்க்குள் கையை விட்டு நாக்கைப் பிடித்தவர் சிரித்தேவிட்டார், அப்பாவைக் கூப்பிட்டார். 'யோவ் மலாக்கி, இங்க வந்து தொட்டுப் பாரு. பலகை மாதிரி இல்ல? இது மரநாக்குய்யா. கோமாரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முள்ளு குத்தின எடத்துல கிருமி ஏறியிருக்கு, அவ்வளவுதான்' என்றார். உன் அப்பா அப்படியே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மருந்து என்று அவர் கொடுத்தது ஒரு உப்பு, அவ்வளவுதான். பொட்டாசியம் அயோடைடு என்று பெயர், உனக்குத் தெரிந்திருக்கும். நெஞ்சுச் சளிக்கு மருந்துக்கடைக்காரர் கலக்கும் மருந்திலும், கழுத்தில் கழலை வராமலிருக்கச் சில தேசங்களில் சாப்பாட்டு உப்பிலும் துளி சேர்ப்பார்களாம். சினையா என்று முதலில் கேட்டார், இல்லை என்ற பிறகுதான் கொடுத்தார், சினை மாட்டுக்கு ஆகாதாம். பொட்டலத்தைத் தண்ணீரில் போட்ட மாத்திரத்தில் கரைந்துவிடுகிறது. அப்பா சும்மா இருப்பாரா, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அரை நாள் கசக்கிறது கசக்கிறது என்று துப்பிக்கொண்டே திரிந்தார். நான் அதை மூடாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டேன், ஈரத்திலும் வெளிச்சத்திலும் ஓரமெல்லாம் மஞ்சளித்துப்போக டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தினமும் பாட்டிலில் புகட்டினோம், அவள் பாலைக் கறந்து கொட்டினோம். 'கண்ணுல தண்ணி வடிஞ்சு, தோல்ல பொடுகு உதிர்ந்தா, போதும்னு உடம்பே சொல்லுதுன்னு அர்த்தம். அன்னிக்கே நிறுத்திடணும்' என்று சொல்லியிருந்தார். எட்டாம் நாள் காலையில் ட்ரிமீன் கண்ணீராய் வடித்தாள். ஒரு ஜீவன் அழுவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். நாக்கும் இளகிவிட்டது. நேற்று வைக்கோலைச் சுருட்டி இழுத்துத் தின்றாள், நாங்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு வராதே கண்ணு. அங்கிருப்பவர்கள் யாரும் வர வேண்டாமென்று அரசாங்கமே கேட்டிருக்கிறது. நமக்குத் தப்பியது என்பதற்காக இன்னொருத்தர் கொட்டகையில் விளையாடக் கூடாது. பண்டிகை கேக் தனியே அனுப்புகிறேன். இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. மாதா உன்னைக் காப்பாராக.

உன் அம்மா,
அத்ராக்டா

மறந்துவிட்டேன், சனிக்கிழமை அப்பா தனியாகச் சந்தைக்குப் போய் உனக்குப் புது பூட்ஸ் வாங்கி வந்தார், சரியாக ஐந்தாம் நம்பர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், இன்னும் என் கால் அளவு அவருக்குத் தெரியாது. அதை வாசல் நடுவிலேயே வைத்திருக்கிறார். தினமும் தடுக்குகிறது, நகர்த்த மட்டும் விடமாட்டேன் என்கிறார்.