சாமிக்கண்ணு திருடனா?

குத்தாலம்
20.1.2000

அன்புள்ள பிரகதா,

பொங்கலன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் நான் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எட்டரை மணித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. வரிக்குப் பயந்து முதலாளி தன் டிரைவர் சாமிக்கண்ணுவின் பேரில் எழுதிவைத்த தோப்பை, அவர் செத்த பிறகு மனைவி திருப்பிக் கேட்கிறாள். அவன் தர மறுக்கிறான். "நன்றி கெட்ட ஜென்மம்" என்று நீ டிவியைத் திட்டினாய். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்ம மருதையனா இருந்தா இப்படிச் செய்வானா?" என்றார்கள். அப்பா பேரைக் கேட்டும் நான் சிரித்துவைத்தேன்.

சாமிக்கண்ணு திருடன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தோப்பை ஒளித்துவைத்த முதலாளியை அன்று யாரும் திட்டவில்லையே, ஏன்?

சொல்லாத இன்னொன்றும் உண்டு. நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு அரசு தரும் வீட்டுமனையைக் கேட்டு, மார்கழியில் அப்பா வி.ஏ.ஓ.விடம் போனார். அவர் சிரித்தாராம். "என்ன மருதையன், மூணு ஏக்கர் மிராசுதார் வந்து மனை கேக்குறீங்க?" வாய்க்கால் கரையிலுள்ள மூன்று ஏக்கர் அப்பா பேரில் இருக்கிறது, பிரகதா. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது உன் அப்பா எழுதிவைத்தது. அந்த வயலில்தான் என் அப்பா இத்தனை வருடமாகக் கூலிக்கு நாற்றுப் பறிக்கிறார். அம்மாவுக்கே அன்றுதான் விஷயம் தெரியும்.

உனக்குத் தெரியுமா?

உன்,
செவ்வந்தி


சென்னை
2.2.2000

அடி செவ்வந்தி,

உன் கடிதத்தைப் படித்ததும் ஹாஸ்டலுக்கு எதிரே இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமாம்மா, அப்ப எல்லாரும் செஞ்சதுதான். செத்துப்போனவன் பேர்ல எழுதினவங்ககூட உண்டு" என்றார். எனக்கு இது சத்தியமாகத் தெரியாது.

ஆனால் சாமிக்கண்ணு விஷயத்தில் நான் மாறமாட்டேன். சட்டத்தை ஏமாற்றியது முதலாளியின் தப்பு. நம்பியவரை ஏமாற்றுவது இவன் தப்பு. அதைச் சொல்லி இதை நியாயப்படுத்துவாயா? புத்தகம் படிக்கிறவளோடு உட்கார்ந்து டிவியே பார்க்கக் கூடாது. நேற்று பார்த்தாயா? மகளுக்குக் காய்ச்சல் வந்து கண் செருகியதும், அவன் ஓடிப்போய் முதலாளியம்மா காலில் விழுந்து கையெழுத்துப் போட்டுவிட்டான். எங்கள் வார்டன் அழுத அழுகையில் அடுத்த தொடரே பாதி ஓடிவிட்டது.

வைகாசியில் எனக்குக் கல்யாணம். அந்த மூன்று ஏக்கரை விற்றுத்தான் செய்யப்போகிறார்களாம். அப்பா உங்கள் வீட்டுக்கு வருவார். என்னைத் தப்பாக நினைக்காதே. உங்களுக்கு ஒரு மனை வாங்கித் தரும்படி நானே அவரிடம் சொல்கிறேன்.

பிரகதா


குத்தாலம்
14.2.2000

அன்புள்ள பிரகதா,

கல்யாணச் செய்தியில் சந்தோஷம். மாப்பிள்ளை பேரைக்கூட எழுதவில்லையே நீ!

காய்ச்சலை நானும் பார்த்தேன். சாமிக்கண்ணு பேசிய நியாயத்துக்கு, கதை எழுதுகிறவரிடம் பதில் இல்லை. அதனால் ஒரு குழந்தையைப் படுக்கையில் போட்டுவிட்டார். காய்ச்சல் எப்படிப் பதிலாகும்?

நம்பியவர் என்கிறாய். உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம் அரசுக்குப் போயிருந்தால், நிலமில்லாதவர்களுக்கு வந்திருக்கும். எங்களுக்கே வந்திருக்கலாம். எங்களுக்கு வரவேண்டியதை மறைக்க எங்கள் பேரையே வாங்கிக்கொண்டதற்கு நம்பிக்கை என்றா பேர்?

நேற்று உன் அப்பா வந்தார். வாசலில் நாற்காலி போட்டோம். "மருதையா, பாப்பாவுக்குக் கல்யாணம்ப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. "குடுத்த வாக்கு இருக்குங்கய்யா. வந்து கையெழுத்துப் போட்டுடுறேன்" என்றார் அப்பா.

கார் போனதும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாமலே மூணு ஏக்கரு வந்துச்சு. தெரிஞ்சதும் போயிடுச்சு. நல்லாருக்குய்யா ஒன் வாக்கு!"

"அவரு நம்பித்தானே வச்சாரு, தங்கம்மா."

"நம்புனவரு அறுப்புக்கு ஒரு மூட்டை அனுப்புனாரா?"

அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் அவரைத் தடுக்கவில்லை. வாக்கு அவருடையது. உன்னைத்தான் கேட்கிறேன். இது தொடராக இருந்து, நீ அதை எழுதுகிறவளாக இருந்தால் என்ன எழுதுவாய்? காய்ச்சல் மட்டும் வேண்டாம்.

செவ்வந்தி


சென்னை
1.3.2000

அன்புள்ள செவ்வந்தி,

இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். கதையாக இருந்தால், நிலம் மருதையனுக்குத்தான் என்று எழுதுவேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை எழுதுகிறவளுக்கு மாப்பிள்ளை வீட்டார் இல்லை, ரத்தக்கொதிப்போடு அலைகிற அப்பா இல்லை. எனக்கு இருக்கிறார்கள்.

எட்டாம் தேதி பத்திரப் பதிவு. உன் அப்பாவின் மனதைக் கலைக்காமல் இரு. அது போதும். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து என்னோடு தங்க வேண்டும். உனக்கும் சேர்த்துத்தான் புடவை எடுக்கிறேன். நீ கேட்டாயே, அவர் பேர் சிவகுருநாதன்.

பிரகதா


குத்தாலம்
10.3.2000

அன்புள்ள பிரகதா,

நான் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. இதை நீ நம்ப வேண்டும். வேட்டியைத் துவைத்துக் கொடுத்து, பதிவு அலுவலகத்துக்கு அவரோடு கூடப் போனேன்.

வாங்குகிறவர் பேராவூரணித் தேங்காய் வியாபாரி அஹமது கபீர். பணத்தை உன் அப்பாவிடம் கொடுப்பதாகப் பேச்சு. பத்திரத்தை வாசித்த பிறகு பதிவாளர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"மருதையன் நீங்கதானா? நெலத்த இவருக்குக் குடுக்கச் சம்மதந்தானே?"

"ஆமாங்க."

"பணம் முழுசும் வாங்கிட்டீங்களா?"

"எந்தப் பணங்க?"

பத்திர எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். "மருதையா, வாங்கிட்டேன்னு சொல்லுப்பா" என்றார் உன் அப்பா, மெதுவாக.

"வாங்கலீங்களேய்யா. கையெழுத்துப் போடுறேன்னு சொன்னேன், போடுறேன். வாங்காதத எப்படிங்க வாங்குனேங்கிறது?"

அப்பா தந்திரம் செய்யவில்லை, பிரகதா. பேனாவைப் பிடித்தபடி, தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் நின்றார். பதிவாளர் பத்திரத்தைத் தள்ளிவைத்து, "பேசி முடிச்சிட்டு வாங்க" என்றார். வெளியே வந்ததும் அஹமது கபீர் உன் அப்பாவிடம், "இவரு வித்தா நம்பி வாங்கலாம். நீங்க விக்கிறத எப்படிங்க வாங்குறது?" என்று கேட்டுவிட்டார். உன் அப்பா காரில் ஏறிப் போனார்.

பஸ்ஸில் அப்பா கேட்டார்: "தப்பாப் பேசிட்டேனா, ஆயி?"

"இல்லப்பா" என்றேன்.

உனக்குக் கோபம் இருக்கும். கோபமாகவாவது எழுது.

செவ்வந்தி


குத்தாலம்
3.7.2000

அன்புள்ள பிரகதா,

மார்ச்சில் எழுதியதற்கும் சித்திரையில் எழுதியதற்கும் பதில் இல்லை. உன் கல்யாணம் நல்லபடி நடந்ததாகக் கடைத்தெருவில் சொன்னார்கள். புது விலாசம் தெரியாததால் இதை உன் அம்மா வீட்டுக்கே அனுப்புகிறேன்.

பதிவு அலுவலகத்திலிருந்து வந்த பிறகு, கையெழுத்துக் கேட்டு யாரும் வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தும் உங்கள் ஆட்கள் அந்த மூன்று ஏக்கரில் ஏர் பூட்டவில்லை. அப்பா தினமும் கரைவரை போய் நின்றுவிட்டுத் திரும்பினார். அம்மாதான் அவரைக் கேட்காமல் விதைநெல் ஊறவைத்தாள்.

நேற்றுக் காலையில் அப்பா அந்த வயலிலேயே நாற்றங்கால் விட்டார்.

செவ்வந்தி