வெத்தில போட வாங்க

1943 மார்ச் 2
தறி நின்று போயிற்று. சண்டைக் காலம், நூலெல்லாம் கட்டுப்பாடு. தனித்தனியாகக் கேட்டால் தரமாட்டார்களாம். நெசவுக்காரப் பெண்கள் சேர்ந்து சங்கம் வைத்தால் தருவார்களாம். மட்டக்களப்பு அரசாங்கக் கந்தோர் ஐயா நல்லரத்தினம் வந்து சொன்னார். "ஒரு கூட்டம் வையுங்க பிள்ளை. அடுத்த வெள்ளி கழிய வாறன்." இதென்ன பெரிய வேலையா?

மார்ச் 5
தறி உள்ள வீடெல்லாம் ஏறி இறங்கி, "நாளைக்கு அசறுத் தொழுகைக்குப் பிறகு எங்கட ஊட்ட கூட்டம்" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6
ஒருத்தியும் வரவில்லை.

விரித்த பாயைச் சுருட்டும்போது வீட்டுக்காரர் உசனாருக்குச் சிரிப்பு. "கூட்டம் போட நீ என்ன மரைக்காயரா?" விடுவேனா? நானா? நல்லா ஏச்சுக் குடுத்தன்.

மார்ச் 7
பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா ராத்தாவிடம் நேராகவே கேட்டேன், ஏன் வரவில்லை என்று. குரலைத் தாழ்த்தி, "ஆருகா குத்தம் செஞ்ச?" என்கிறா! நூல் விஷயம் என்றேன். "அதுக்கேன் கூட்டம் எண்டு சொன்ன நீ?"

சே! எங்கள் ஊரில் கூட்டம் என்றால் பள்ளிவாசலில் மரைக்காயர்மார் கூடி வழக்குப் பேசுவது. அபராதம், மானக்கேடு. எந்தப் பெண் வருவாள்? இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான், கந்தோர் ஐயா சொன்ன சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேனே. எங்க போச்சு எண்ட புத்தி?

நாங்கள் கூடுவதற்குத்தான் ஒரு பேச்சு இருக்கிறதே. கலியாணம் பேச, பிணக்குத் தீர்க்க, சும்மா ஊர்வம்பு அளக்க — எல்லாவற்றுக்கும் "வெத்தில போட வாங்க" என்போம். வெற்றிலையைத் தொடாத எதிர்வீட்டு ஸஹீதாகூட அதற்கு வருவாள்.

மார்ச் 11
வெத்தில போடக் கூப்பிட்டேன், வீட்டு வளவு நிறைந்துவிட்டது!

முதலில் அரிசி விலை, பிறகு யார் யாருக்கோ பிள்ளைப்பேறு. எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நூல் பேச்சை எடுத்தது ஸஹீதாதான். "எண்ட தறி சும்மா கிடக்கு. என்னகா வழி?" சங்கம் என்றேன். புருஷன்மார் ஏசுவார்கள் என்று ஒரு பயம் எழும்பியது. ஹவ்வா உம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னா: "இப்ப மட்டும் ஏசாமலா இரிக்காங்க?" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சங்கத் தலைவியும் அவதான்.

மார்ச் 13
கந்தோர் ஐயா வந்தார். "கூட்டம் நடந்ததா?"
"இல்லை ஐயா. வெத்தில போட்டம். சங்கம் வச்சாச்சு."
புத்தகத்தைத் திறந்து, 'பொதுக்கூட்டம்' என்று எழுதிக்கொண்டார். எழுதட்டும்.

ஏப்ரல் 9
நூல் வந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு.

ஏப்ரல் 12
தறியில் பாவு நூல் ஏறிவிட்டது. சோறு உசனார் ஆக்கினார், குழைந்து போயிற்று. எழுத நேரமில்லை.