தென்னங்கன்றுக்குத் தோண்டிய குழி

ஆக்லாந்து,
ஜூன் 14, ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு,

கியா ஒரானா, வணக்கம். உங்கள் மகள் அகாயித்தி எழுதுகிறேன். நான், கிரெய்க், குழந்தை மூவரும் நலம். இனாவுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான்.

விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஜூலை இருபத்திரண்டாம் தேதி ராரோதோங்காவில் இறங்குகிறோம். கிரெய்க் ஒரு தாளில் நாள்வாரியாகத் திட்டம் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். கடற்கரைக் குடிலில் எட்டு இரவு, மீன் பார்க்க ஒரு நாள், சந்தைக்கு ஒரு காலை. ஆதியுத் தீவில் நம் வீட்டுக்கு இரண்டே இரவு. முதலில் ஐந்து என்றுதான் எழுதியிருந்தார். நான்தான் மூன்றாக்கச் சொன்னேன், பிறகு இரண்டாக்கச் சொன்னேன். "உங்க அப்பாவைப் பார்க்கப் போறோமா, இல்ல எட்டிப் பார்த்துட்டு ஓடி வரப் போறோமா?" என்று கேட்டார். குழந்தைக்குக் கொசு ஆகாது என்று சொன்னேன். நானே அந்தக் கொசுக்களோடு வளர்ந்தவள்.

போன வாரம் தேவாலயம் முடிந்து வந்து நீங்கள் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழி தோண்டிவிட்டதாகச் சொன்னீர்கள். நான் பிறந்தபோது என் நஞ்சுக்கொடியைப் புதைத்து அதன்மேல் நீங்கள் நட்ட என் தென்னைக்கு எட்டடி தள்ளி, கடலைப் பார்த்த பக்கம். கன்று முழ உயரம் வந்துவிட்டது, போதகரிடமும் சொல்லியாகிவிட்டது, விருந்துக்குப் பன்றியைக்கூடத் தேர்ந்து கட்டியாயிற்று என்றீர்கள். பின்னாலிருந்து தோவு மாமா, "ஆக்லாந்து ஐஸ்ல ஒம்பது மாசம் கெடந்த கொடி. அந்த மரத்துல காய்க்கிற இளநியை ஜில்லுனு குடிக்கலாம், பிரிட்ஜே வேணாம்" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அப்பா, ஃப்ரீசரில் எதுவும் இல்லை. இனாவின் நஞ்சுக்கொடி என்னிடம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

பிரசவம் முடிந்ததும் தாதி கேட்டாள். தோங்காக்காரப் பெண், என் பெயரைப் பார்த்ததுமே நான் எந்தத் தீவுக்காரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எடுத்துட்டுப் போவீங்கள்ல? டப்பாவில போட்டுத் தர்றேன்" என்றாள். அப்போது கிரெய்கின் அக்கா வீட்டில் குடியிருந்தோம். அவர்களுடைய பட்டாணிப் பையும் ஐஸ்கிரீமும் இருக்கிற ஃப்ரீசரில் இதை எப்படி வைப்பது, என்னவென்று சொல்வது என்று கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்றேன். அவள் போய்விட்டுத் திரும்பி வந்து, "நிச்சயமாவா அக்கா?" என்று இன்னொரு முறை கேட்டாள். நிச்சயம் என்றேன். கல்லூரிப் பரீட்சையில் அதைப் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். வெறும் சதைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் போனில் நீங்கள் கேட்ட முதல் கேள்வியே, "கொடியைப் பத்திரமா வெச்சிருக்கியாம்மா?" என்பதுதான். "வெச்சிருக்கேன்பா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா இருந்திருந்தால் என் குரலிலேயே கண்டுபிடித்திருப்பாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை இறைச்சிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கினேன். வெள்ளைத் துணியில் சுற்றி, இனாவின் பிறந்த தேதியை எழுதி, ஃப்ரீசரின் அடியில் வைத்தேன். சனிக்கிழமை அதை எடுத்துப் பார்த்த கிரெய்க், "ஈரலுக்கும் பிறந்தநாளா? கேக் வெட்டணுமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் குழியில ஆட்டைப் புதைக்கிறதுக்கா உங்கப்பா முழங்கால் வலியோட மண்ணைத் தோண்டினாரு?" என்றார். பேனாவும் தாளும் எடுத்து வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

சின்ன வயதில் கோபம் வந்தால் என் தென்னையைப் போய் உதைப்பேன். "உன்னையே உதைக்கிறியே, வலிக்கலையா?" என்று கேட்பீர்கள். இனா காரணமில்லாமல் அழுகிறபோதெல்லாம் எனக்கு அந்த மரம் நினைவுக்கு வருகிறது. வயிற்று உப்புசம்தான் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அவளுக்கென்று ஓரிடம் இல்லாமல் செய்துவிட்டேன் என்றே மனம் சொல்கிறது.

தோவு மாமாவிடமும் போதகரிடமும் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். வந்து நானே சொல்கிறேன். பன்றியை அவிழ்த்து விட்டுவிடுங்கள். குழியை மட்டும் மூடிவிடாதீர்கள் அப்பா. அதில் எதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் வைக்காமல் கன்றை நடலாமா என்றும் தெரியவில்லை. உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்? திட்டத்தாளில் ஆதியுவுக்கு எதிரே இருந்த இரண்டை கிரெய்க் அடித்துவிட்டார். எத்தனை இரவு என்று எழுதாமல் விட்டிருக்கிறார். நீங்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும்.

விமானத் திடலுக்கு வருவீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு மாலை கட்ட வேண்டாம். இனாவுக்கு ஒன்று போதும், அவள் கழுத்துக்குத் தக்கபடி சின்னதாக.

உங்கள் மகள்,
அகாயித்தி