வால்டர் தாத்தாவுக்கு ஒரு பூசை

அம்மாவுக்கு பவுலினின் தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? இங்கிலாந்துக் குளிரிலும் நான் சுகம்தான்.

முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட வால்டர் தாத்தா புற்றுநோயில் இறந்துவிட்டார். வாலிபத்தில் பட்டாளத்தில் இருந்தபோது, அணுகுண்டுச் சோதனை நடந்த தீவில் வெறும் சட்டையோடு நிறுத்திவைக்கப்பட்டவர். காலையில் நான் திரையை விலக்கினாலே கண்ணைப் பொத்திக்கொள்வார். "வெறும் வெயிலுதான் தாத்தா, பயப்படாதீக" என்று தமிழிலேயே சொல்வேன். கையை எடுத்துவிடுவார்.

அவருடைய மூன்று பிள்ளைகளும் பிறந்த அன்றே இறந்தார்கள். அந்தக் கதிர்வீச்சுதான் காரணம் என்று கடைசிவரை சொன்னார்.

வியாகுல மாதா கோவிலில் நால்வருக்கும் பூசைக்குக் கொடுங்கள். பங்குச் சாமியார் இறந்தவர்களின் பெயர் கேட்பார். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கவே இல்லையாம் அம்மா. நம் வீட்டுப் பெயர்களைக் கொடுத்துவிடுங்கள்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒரு பிள்ளைக்கு என் பெயரையே எழுதுங்கள்.

பவுலின்