அணைக்காமல் திறந்தவனுக்கு

டேய்,

இன்று காலை உன் மேசை டிராயரைக் காலி செய்யச் சொன்னார்கள். உள்ளே நம் ஸ்பானிஷ் நோட்டு. முதல் பக்கத்தில், உன் கோணல் கையெழுத்தில், தமிழிலேயே எழுதியிருந்தாய்: அபாகா - அணை. எஸ்பேரா - பொறு. ஆப்ரே - திற. எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அணைத்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று நீயே வரிசையாக எழுதி வைத்திருக்கிறாயே, படுபாவி!

பீன்யா தொழிற்பேட்டையில் நாம் செய்யும் பாட்டில் மெஷின்கள் மெக்சிகோவுக்குப் போகத் தொடங்கியபோது, போனில் ரிப்பேர் சொல்லித்தர நம் இருவரையும் ஞாயிறுதோறும் மல்லேஸ்வரத்தில் வகுப்புக்கு அனுப்பினார்கள். சிநேகிதனுக்குச் சொல்லும் கட்டளையில் நான் தடுமாறினேன். "அவன் அணைக்கிறான்னு சொல்ற அதே வார்த்தைதான் மச்சான். அவன் மூஞ்சியப் பாத்துச் சொன்னா, நீ அணைன்னு ஆயிடும். முக்காவாசி இப்படித்தான்," என்றாய். திரும்பும் பஸ்ஸில் வா, உட்கார், தின்னு என்று ஸ்பானிஷில் அதட்டிக்கொண்டே வருவோம். "ஏன்ரீ கலாட்டே?" என்று கண்டக்டர் கன்னடத்தில் முறைப்பார்.

போனில் நீ வைத்த சட்டம் ஒன்றுதான். "அபாகா" என்பாய். அணைத்துவிட்டேன் என்று அந்த ஆபரேட்டர் வாயால் சொல்லும்வரை அடுத்த வார்த்தை பேச மாட்டாய். ஒருமுறை நான் அவசரப்பட்டதற்கு, "உசுரு போனா நீ கொண்டு வருவியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினாய்.

அப்படிக் கத்தியவன், லைன் நிற்கக்கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னதும் மெயின் சுவிட்சைத் தொடாமல் பேனலைத் திறந்தாய். ஐந்தடி தள்ளி நான் போனில் யாரோ ஒருவனுக்கு "அபாகா" சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்த்தேன். உனக்குப் போய் நான் சொல்வதா என்று விட்டுவிட்டேன். அந்த மெக்சிகோக்காரன் அணைத்தான்.

"நீங்க பக்கத்துலதானே அண்ணா இருந்தீங்க?" என்று உன் பெண்டாட்டி கேட்கிறாள். நீயே பதில் சொல்லித் தொலை.

இன்று மதியம் அதே சூப்பர்வைசர் இன்னொரு பேனலைத் திறக்கச் சொன்னார். அணைத்துவிட்டுத் திறக்கிறேன் என்றேன். "ரெண்டு நிமிஷ வேலைப்பா," என்று அவரே ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தார்.

"அணைடா!"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. என்னைவிட இருபது வயது மூத்தவர், முகம் சிவக்கப் போய் அணைத்தார். "அணைச்சாச்சா? வாயால சொல்லுங்க," என்றேன். சொன்னார். அப்புறம்தான் பேனலைத் திறந்தேன்.

அந்த அதட்டல் உனக்கு வந்திருக்க வேண்டியதுடா.