சுவருக்கு அந்தப் பக்கம் நிரம்பும் பீப்பாய்

அக்டோபர் 18, சனி

முதல் பிழிவு முடிந்தது. மழை இல்லை. எனக்கு இரண்டு பீப்பாய், மூன்றாவதில் முழங்கை ஆழம். தங்கச்சி யுகெத்துக்கு நான்கு.

கண்ணால் பார்க்கவில்லை. காது இருக்கிறதே. அப்பா போனபிறகு ஒரே நிலவறையை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது அவளுக்காகத்தான். பீப்பாய் நிரம்ப நிரம்ப, ஆப்பிள் சாறு விழும் சத்தம் மேலே ஏறும். கடைசியில் கீச்சென்று முடியும். அந்தப் பக்கம் நான்கு முறை கீச்சிட்டது.

பங்கு சரிபாதி. ஆலைக் கொட்டகைத் தொட்டியில் ஒரே மட்டத்தில் இரண்டு மரத்தூம்பு. ஒருவர் 'விடு' என்று கத்த, இரண்டு அடைப்பையும் ஒன்றாக உருவ வேண்டும். தொட்டி காலியானால் பங்கு முடிந்தது. அளக்கக் கூடாது. அளந்தால் கூடப் பிறந்தவளைத் திருடி என்று சொன்னதாக அர்த்தம், அப்பா அப்படித்தான் வைத்திருந்தார். இன்றுவரை யாரும் அளந்ததில்லை.

போன வருடம்வரை தூம்படியில் பீப்பாயை நிரப்பி உருட்டிக்கொண்டு வருவோம். என் மகன் ஃபப்ரிஸுக்கு இடுப்பு போய்விட்டது. அதனால் இந்த வருடம் தூம்பின் வாய்க்குள் குழாயைச் செருகி நேராக நிலவறைக்கு விடுகிறோம். யுகெத்தின் மருமகன் லுதோவிக்கின் யோசனை. பால்பண்ணைகளில் போடும் சிலிக்கான் குழாயாம், சாற்றில் வாடை ஏறாதாம். இரண்டு வீட்டுக்கும் அவனே வாங்கி வந்தான்.

நான் தொடுவேனா? எண்பத்து மூன்றாம் வருடம் யுகெத்தின் புருஷன் கஸ்தோன் இரவல் கொடுத்த ரப்பர் குழாயால் அந்த வருடத்து ஆப்பிள் மது முழுக்க டீசல் நாற்றம். கஸ்தோன் போய்ச் சேர்ந்தான். நாற்றம் என் மூக்கில் இன்னும் இருக்கிறது. அந்த வீட்டுக் குழாய் வேண்டாம், நமக்கென்று தடித்ததாக, அழுத்தினால் அமுங்காததாக ஒன்று வாங்கு, வெளிச்சுற்று தூம்பின் வாய்க்குச் சரியாக இருந்தால் போதும் என்று சொல்லி ஃபப்ரிஸை லிசியு டவுனுக்கு அனுப்பினேன். பார்க்க இரண்டும் ஒரே பால்நிறம். என்னுடையதில் சிவப்பு நூல் கட்டிவைத்தேன்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் இரண்டு பீப்பாய்.

அக்டோபர் 19

தேவாலயப் பூசையில் சமாதானம் சொல்ல யுகெத் கைகொடுத்தாள். கை வியர்த்திருந்தது. ஏன்?

அக்டோபர் 25, சனி

இரண்டாம் பிழிவு. கால்வலி என்று சொல்லி முற்றத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் குழாய் நெடுக நடந்தும் பார்த்தேன். ஓரிடத்திலும் மடங்கவில்லை. கல் ஏறவில்லை. இரண்டும் ஒரே நீளம், இறங்குவதும் ஒரே பள்ளத்தில்.

லுதோவிக் என் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றான். மிதிக்கிறானா? பூட்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன பெரியம்மா, என் கால்ல ஏதும் ஒட்டியிருக்கா?" என்றான். சிரிப்பு வேறு. பாரிஸ் பக்கத்திலிருந்து வந்தவன். பசுவுக்குப் பின்னால் நிற்கக் கற்கவே ஒரு வருடம் ஆனது அவனுக்கு.

தூம்பில்தான் சூது என்று பட்டது. விடுவதற்கு முன், இடது தூம்பு எனக்கு ராசியில்லை, வலதைக் கொடு என்றேன். யுகெத் மறுக்கவில்லை. உடனே கொடுத்தாள். அவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாள் என்றால்?

வலதிலும் அதே கதை. எனக்கு இரண்டும் கொஞ்சமும். அந்தப் பக்கம் நான்கு கீச்சு.

நவம்பர் 1

எல்லாப் புனிதர் நாள். அம்மா அப்பா கல்லறைக்குச் செவ்வந்தித் தொட்டி கொண்டுபோனேன். யுகெத் முன்பே ஒன்று வைத்திருந்தாள், என்னுடையதைவிடப் பெரிதாக.

"இந்த வருசம் நல்லா வந்திருக்குல்ல அக்கா? எங்களுக்குப் பீப்பா பத்தல" என்றாள். அப்பா அம்மா தலைமாட்டில் நின்றுகொண்டு. நான் மெழுகுவர்த்தியைத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃபப்ரிஸிடம் சொல்லிவிட்டேன்: பத்திரம் எழுத நோட்டரியை வரச் சொல். ஆலையை விற்றுப் பிரித்துவிடலாம். இனி அவளோடு ஒரு தொட்டியில் எனக்குப் பங்கு வேண்டாம்.

"ஒரு வாளி வச்சு அளந்து பாத்துட்டா முடிஞ்சு போச்சு. அதுக்குப் போயி ஆலைய விப்பாங்களாம்மா?" என்றான்.

அளப்பதா? அப்பாவின் கொட்டகையிலா? அதற்கு விற்பதே மேல்.

நவம்பர் 3

நோட்டரி இருபத்தெட்டாம் தேதி வருகிறார். அழுகை வரவில்லை. வெங்காயம் நறுக்கினேன், அப்போது வந்தது.

நவம்பர் 8, சனி

தூம்பில் இல்லை. காலில் இல்லை. அப்படியானால் குழாயில்.

விடிந்ததும் முதல் ஆளாகக் கொட்டகைக்குப் போனேன். இரண்டு சுருளும் ஆணியில் தொங்கின. என் சுருளிலிருந்து சிவப்பு நூலை அவிழ்த்து அவர்களுடையதில் கட்டினேன். இடம் மாற்றி மாட்டினேன். யாரும் கேட்டால் சுருளைத் துடைத்தேன் என்று சொல்ல ஒரு துணியும் கொண்டுபோயிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

'விடு' என்றதும் நிலவறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் ஓட்டம். அடேயப்பா, என்ன வரத்து. கன்று முட்டுவதுபோலக் குழாய் துள்ளுகிறது. முதல் பீப்பாய், இரண்டாவது, மூன்றாவது. சுவருக்கு அந்தப் பக்கம் கிழவன் மூத்திரம் போவதுபோலச் சொட்டுச் சத்தம். எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதாமல் விட்டால் பொய்.

அப்போது அவள் சுவரில் தட்டினாள்.

"அக்கா, இங்க கம்மியாத்தான் வருது. உனக்கு வருதா?"

"வருது" என்றேன்.

"அப்போ சரி" என்றாள்.

என்ன அப்போ சரி? அவள் எதற்கு என்னைக் கேட்க வேண்டும்? இதில் ஏதோ இருக்கிறது. நான்காவது பீப்பாய் நிரம்பி என் செருப்பில் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் போனேன். இரண்டு குழாயின் நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலை விட்டேன். லுதோவிக் வாங்கியதில் விரல் அடிவரை போனது. ஃபப்ரிஸ் எனக்கு வாங்கியதில் நகத்தோடு நின்றது. வெளியே ஒரே சுற்று. உள்ளே, தடிப்பு அவ்வளவும் சாறு போகும் வழியைத் தின்றிருக்கிறது.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இவ்வளவு குறையுமா? நம்பவில்லை. தொட்டியில் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு குழாயின் கீழும் வாளியை வைத்து, அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டு நின்றேன். என் குழாய்க்கு இரண்டு மடங்கு ஜெபம் ஆனது. வாய் கொஞ்சம் சிறுத்தால் வரத்தும் கொஞ்சம் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாதியாகப் போகிறது. ஓரத்தில் உரசி உரசி நடுவில் ஓடுவதையும் இழுத்துப் பிடிக்கிறதுபோல.

வாளியைக் கவிழ்த்தபிறகுதான் உறைத்தது. அப்பாவின் கொட்டகையில் அளந்துவிட்டேன்.

ஃபப்ரிஸ் வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. "நீதானேம்மா தடிச்சதா வேணும்னே" என்றான்.

நான்தான். லுதோவிக் இதைச் சொல்லியிருக்கலாமே? சொன்னால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு கேள்வி.

நவம்பர் 11

தூக்கமில்லை. இந்த வருடம் அந்தத் தொட்டியில் திருடியவள் ஒருத்திதான். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

நவம்பர் 15

போனேன். பட்டை போட்ட பால்சோறு ஒரு சட்டி எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு அந்த வாசலை மிதிக்க முடியாது. எங்களுக்கென்று அன்று வாங்கிய குழாய் இருக்கிறதா என்று லுதோவிக்கிடம் கேட்டேன், ஏதோ வாளி கழுவக் கேட்பதுபோல.

"இருக்கு பெரியம்மா. என்னைக்காவது கேப்பீங்கன்னு உங்க பேரெழுதி மாட்டி வச்சிருக்கேன்." சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

யுகெத் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்: "செவப்பு நூல ரெட்ட முடிச்சா போட்டே? நீ எப்பவும் ஒத்த முடிச்சுல்ல."

தெரிந்துதான் அந்தச் சுருளை இழுத்துக்கொண்டு போனாயா என்று கேட்டேன்.

"முதல் நாள்லருந்தே உன் பக்கம் மெதுவா ஏறுறது கேட்டுச்சு. அம்மா கல்லறையில சும்மா பீப்பா பேச்ச எடுத்தேன், நீ வாயத் தொறப்பேன்னு. நீ மெழுகுவர்த்தியப் பாத்தே. ஒரு தடவ மாத்திப் பாத்தா உனக்கே தெரியும்னு விட்டுட்டேன். நான் சொல்லியிருந்தா, அளந்துட்டேன்னு வருசம் முழுக்கப் பேசமாட்டே."

பேசியிருக்க மாட்டேன். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அந்தச் சட்டி திரும்பி வருகிறதா பார்க்கலாம்.

நவம்பர் 17

நோட்டரிக்கு வரவேண்டாம் என்று ஃபப்ரிஸைச் சொல்லச் சொன்னேன். காரணம் கேட்டாராம். கிழவிக்குச் சளி என்று சொல்லியிருக்கிறான்.

நவம்பர் 22, சனி

கடைசிப் பிழிவு. காலையிலேயே, எட்டாம் தேதி எனக்குக் கூடுதலாக நிரம்பிய பீப்பாயை, ஃபப்ரிஸ் கதவைத் திறந்துவிட லுதோவிக் அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு போனான். சட்டி கழுவி வந்திருந்தது, உள்ளே நான்கு முட்டையோடு.

ஒரே சுருளில் வெட்டிய இரண்டு குழாய். நூல் கட்டவில்லை. யுகெத்தான் 'விடு' என்று கத்தினாள்.

நிலவறையில் விளக்கைப் போடாமல் சுவரில் காதை வைத்து நின்றேன். என் பீப்பாயும் அவள் பீப்பாயும் ஒன்றாகவே ஏறின. கீச்சென்று ஒன்றாகவே முடிந்தன. அந்தப் பக்கம் சுவரோடு துணி உரசும் சத்தம் கேட்டது. அவளும் காதை வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.